நூல்கட்டித் தெருவின் சுவர்கள்

சுவருக்கும் காது உண்டு என்று சொல்லிவைத்த நம் ஆட்கள், அதற்கு மூச்சும் உண்டு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதைச் சொல்ல மங்கையர்க்கரசி பிறந்து வரவேண்டியிருந்தது.

விஷயம் ரொம்பச் சாதாரணமானதுதான். மதுரையின் பழைய வீடுகளுக்குத் தைப்பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த வருஷம் முழுக்க வீட்டிலிருப்பவர்கள் பேசுவதும் தும்முவதும் இருமுவதும் கண்ணுக்குத் தெரியாத துளிகளாய் அந்தச் சுவரில் படியும். அடுத்த தையில் ஈரச் சுண்ணாம்பு மேலே ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். கிருமி செத்துப்போகும், அதன் கூடு மட்டும் உள்ளே பத்திரமாயிருக்கும். அதற்கு மேல் இன்னொரு வருஷம், அதற்கும் மேல் இன்னொன்று. இப்படி இருநூறு வருஷத்து வீட்டின் சுவரில் ஒரு விரல் கனத்துக்கு வெறும் பூச்சே இருக்கும். மங்கை செய்த கருவி அந்தப் பூச்சைப் பிய்க்காமலே ஏடு ஏடாகப் படித்தது. எந்த வருஷம் அந்த வீட்டில் யாருக்குத் தொண்டை அடைப்பான் கண்டது என்று சொன்னது. உலகம் மூக்கில் விரல் வைத்தது. மங்கைக்கு அப்போது முப்பது வயது, தலையில் கொஞ்சம் கனம் ஏறியதில் தப்பொன்றும் இல்லை.

பத்து வருஷம் கழித்து, அந்தப் பழைய நோயே புதுவேஷம் கட்டிக்கொண்டு ஊருக்குள் திரும்பி வந்தது. குழந்தைகளின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படரும், மூச்சை அடைக்கும். பழைய தடுப்பூசிக்கு அது மசியவில்லை. புதிய ஊசி தயாரானது, ஆனால் முதல் தவணை நகரத்துக் குழந்தைகளில் பாதிப் பேருக்குத்தான் வரும். மீதிப் பேர் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் என்பது அந்த நோய்க்குத் தாராளம்.

யாருக்கு முதலில்? கூடிப் பேசிய குழு ஒரு வழி கண்டுபிடித்தது. இந்தக் கிருமி பழைய பாதையிலேயே நடக்கிறது, முன்பு எந்தப் பகுதியில் பிள்ளைகளை அதிகமாய்க் கொண்டுபோனதோ அங்கேதான் இப்போதும் கொண்டுபோகும். ஆகவே வெள்ளைக்காரன் காலத்து இறப்புக் கணக்கையும் மங்கையின் சுவர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, சாவு அதிகமிருந்த பகுதிக்கு முதல் ஊசி என்று முடிவானது. வரிசையைச் சரிபார்த்து மங்கை கையெழுத்துப் போட்டால், மறுநாள் காலை ஊசி வண்டிகள் புறப்படும்.

வரிசையின் தலையில் இருந்தது அவள் குடியிருந்த வரிசைவீட்டுப் பகுதி. ஆறு வயது மகன் பரிதிக்கு நாளைக் காலையிலேயே ஊசி. வாலில் இருந்தது நூல்கட்டித் தெருப் பகுதி. அங்கே மறுநாளும் இல்லை, மறுமாதமும் இல்லை.

நூல்கட்டித் தெருவைக் கடைசியில் தள்ளியது ஓரவஞ்சனை அல்ல. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் ஊரே பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தபோது, நெசவாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தெருக்களில் தொண்டைநோய்ச் சாவு அநேகமாக இல்லை. பழைய கணக்கும் அப்படித்தான் சொன்னது, சுவரும் அப்படித்தான் சொன்னது. சில வீட்டுச் சுவர்களில் கிருமியின் கூடு இருந்தது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். இரத்தத்திலேயே ஏதோ காவல் இருக்கிறது என்று மங்கை எழுதினாள். 'நூல்கட்டி எதிர்ப்பு' என்று அதற்குப் பேரும் வைத்தாள். அவளுக்குப் பட்டமும் பதவியும் வாங்கிக் கொடுத்தது அந்தப் பேர்தான்.

கையெழுத்துப் போடவேண்டிய அன்று நண்பகலில், கடைசியாய் ஒரு சுவரைச் சரிபார்த்துவிடலாம் என்று நூல்கட்டித் தெருவுக்குப் போனாள். போன வீடு அவளோடு வேலை பார்க்கும் துவாரகநாதனுடையது. கருவியின் கண்ணாடிகளையெல்லாம் வடிவமைத்தவன் அவன். ஏழு தலைமுறையாய் அந்தத் தெருவிலேயே இருக்கிற சௌராஷ்டிரக் குடும்பம். தன் தெருவின் எதிர்ப்புச் சக்தியில் அவனுக்கு இருந்த பெருமை, அதைக் கண்டுபிடித்தவளுக்கே கிடையாது.

"வாங்கக்கா. ஊசி வரிசையில எங்களைக் கடைசியில போட்டிருக்கீங்கன்னு தெருவுல கொஞ்சம் முணுமுணுப்பு. நான் சொல்லிட்டேன், நமக்கெல்லாம் ஊசியே தேவையில்லடா, அக்கா பத்து வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டாங்கன்னு."

"நர்மதா எங்க?" என்று மங்கை அவன் மகளை விசாரித்தாள்.

"பக்கத்து வீட்டுல வெளையாடுறா. கூப்பிட்டா வரமாட்டா, வாலு."

பொங்கலுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் ஏறிய வெயில் தாங்காமல், சாயத்தை விட்டு ஊரே மறுபடி சுண்ணாம்புக்குத் திரும்பியிருந்த காலம் அது. தெருவெங்கும் ஏணியும் வாளியும், வெள்ளை சொட்டிய தரையும். துவாரகநாதன் வீடு மட்டும் அழுக்கு அப்பிக் கிடந்தது.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் சுண்ணாம்பு ஆராய்ச்சி பண்ற, உன் வீட்டுக்கு அடிக்க நேரமில்லையா?" என்று கேலி செய்தபடியே மங்கை கருவியைச் சுவரில் பொருத்தினாள்.

"எங்கக்கா அடிக்கிறது? ஆவணியில பெரியப்பா காலமாயிட்டாருல்ல. இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது."

"ஆமாம்ல, மறந்தே போச்சு" என்று சொல்லிவிட்டு மங்கை திருகாணியை முடுக்கினாள். பாதித் திருகில் கை நின்றுவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை இல்லை. அவளுக்குத் தெரியாததா? அவள் அப்பா போன வருஷம் அவள் வீட்டிலும் பொங்கல் பொங்கவில்லை, சுவரில் சுண்ணாம்பு மட்டையும் படவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அலைந்தது மட்டுமா, அந்த வெண்ணெயைத் தெருவில் கொட்டியும் விட்டாள்.

"துவாரகா, பூச்சு விடுபட்ட வருஷத்தை நம்ம கருவி என்ன பண்ணும்?"

"முன் வருஷத்தையும் பின் வருஷத்தையும் பாத்து நடுவுல ஒண்ணை நெரப்பிக்கும். நீங்க எழுதின விதிதானே? சுண்ணாம்பு வாங்க வழியில்லாத வருஷம், சோம்பேறித்தனத்துல விட்ட வருஷம்னு..."

"சோம்பேறித்தனம்" என்றாள் மங்கை. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "தையில சுண்ணாம்பு ஏறலன்னா அந்த வருஷத்து மூச்சை எது மூடும்?"

"எதுவும் மூடாது. வெயில்லயும் அடுப்புப் புகையிலயும் அழிஞ்சு போயிரும்." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் அவள் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா?"

"நோய் கண்டு பிள்ளை பொழைச்ச வீடுன்னு வச்சுக்க. தையில வெள்ளையடிச்சிருப்பாங்க, கிருமி நமக்குக் கிடைச்சிருக்கும். பிள்ளை செத்த வீட்டுல? வெள்ளையடிக்க மாட்டாங்க. கிருமி அழிஞ்சு போயிருக்கும். நாம பாத்ததெல்லாம் பொழைச்ச வீடுகளை மட்டும்தான் துவாரகா. அதனாலதான் நம்ம கணக்குல இங்க யாருமே சாகல."

"செத்த வீடு?"

"செத்த வீட்டுக்கெல்லாம் முன்ன பின்ன பாத்து நல்ல வருஷமா நெரப்பி வச்சிருக்கேன், நானே."

துவாரகநாதன் சட்டென்று ஒப்பவில்லை. நியாயம்தானே, பிறந்ததிலிருந்து சுமந்த பெருமையை ஒரு நண்பகலில் எப்படி இறக்கிவைப்பான்? "பழைய கணக்குலயும் தொண்டைநோய்ச் சாவு இல்லையேக்கா" என்றான்.

"தொண்டைநோய்னு வாயைத் திறந்தா அதிகாரி வந்து வீட்டை அடைச்சிருப்பான், மத்த பிள்ளைகளைப் பிரிச்சிருப்பான், தறி நின்னிருக்கும். காய்ச்சல்னு சொல்லியிருப்பாங்க. உங்க தெருவோட காய்ச்சல் கணக்கை எடுத்துப் பாரு, மலை மாதிரி நிக்குது. ரெண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னதும் நான் நம்பிட்டேன். ஒண்ணு பயந்த சாட்சி, ஒண்ணு துக்கம் காத்த சாட்சி."

"பூச்சு விட்ட வருஷமெல்லாம் பிள்ளை செத்த வருஷம்னு எப்படிச் சொல்லுவீங்க? எங்க பெரியப்பாவுக்குக்கூடத்தான் அடிக்கல."

நல்ல கேள்வி. மங்கை யோசித்தாள். இதுவரை அவர்கள் ஒவ்வொரு சுவரிலும் காசளவு இடத்தைத்தான் படித்திருந்தார்கள், அதுவும் ஒரே உயரத்தில். முழுச் சுவரையும் படிக்க யாரும் மெனக்கெட்டதில்லை. ஆனால் மூச்சு, வாய் இருக்கிற உயரத்தில்தானே படியும்? பெரியவர் மூச்சு மேலே, பிள்ளை மூச்சு கீழே.

"முழுச் சுவரையும் படிக்கவை. தரையிலேர்ந்து" என்றாள்.

கூடத்துச் சுவரைக் கருவி மெல்ல மேய்ந்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. துவாரகநாதனின் மனைவி சுபத்ரா சன்னல்களை அடைத்து அறையை இருட்டாக்கினாள். கருவி தான் படித்ததைச் சுவரின் மேலேயே ஒளியாய்ப் போட்டுக் காட்டியது. ஒவ்வொரு ஆளின் மூச்சுக்கும் ஒரு ரேகை உண்டு, ஆளுக்கொரு நிறமாய்க் கருவி அதைப் பிரித்தது.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளின் முதல் வருஷத்தில் தரையையொட்டி ஒரு மஞ்சள் தூவல். தவழ்கிற பிள்ளை. அடுத்த வருஷம் அது முழங்கால் உயரத்துக்கு ஏறியது. அதற்கடுத்த வருஷம் இன்னும் ஒரு சாண். பக்கத்தில் மேலே நீலத்தில் ஒரு பெரிய மூச்சு, மஞ்சள் போன இடமெல்லாம் போனது. தாய்தான். கருவி வருஷங்களைப் புரட்டப் புரட்ட, அந்தப் பிள்ளை அவர்கள் கண் முன்னால் வளர்ந்தது. புகைப்படமில்லை, பேரில்லை, எந்தக் குழியில் கிடக்கிறதென்று சொல்ல ஓர் ஆளில்லை. ஆனால் இந்தக் கூடத்தில் ஓடியாடியிருக்கிறது, சுவரோடு முகம் வைத்துக் கண்ணாமூச்சி எண்ணியிருக்கிறது, இடுப்புயரத்துக்கு வந்திருக்கிறது. சுபத்ரா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மங்கை எத்தனையோ ஆயிரம் சுவர் படித்தவள். ஒரு சுவரின் முன்னால் கும்பிடவேண்டும் போலிருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு வருஷம் பூச்சு இல்லை. சுவர் இருட்டாகவே இருந்தது.

அதற்கடுத்த வருஷம் பூச்சு வந்தது. மஞ்சள் வரவில்லை.

நீலம் வந்தது. இத்தனை வருஷமும் ஆள் உயரத்தில் இருந்த நீலம், இப்போது இடுப்புயரத்தில், மஞ்சள் கடைசியாய் நின்ற அதே இடத்தில் திட்டாய் அப்பியிருந்தது. அடுத்த வருஷமும் அங்கேதான். அதற்கடுத்த வருஷமும். அந்தத் தாய் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் வாய் இருந்த இடத்தில் தன் வாயை வைத்து, வருஷக்கணக்காய்ச் சுவரோடு பேசியிருக்கிறாள்.

நான்காவது வருஷத்தில் தரையையொட்டி ஒரு பச்சைத் தூவல் தெரிந்தது. புதுப் பிள்ளை. நீலம் கொஞ்சம் கொஞ்சமாய் எழுந்து மறுபடி ஆள் உயரத்துக்குப் போனது.

"அந்தப் பச்சைதான் எங்க வம்சம்" என்றான் துவாரகநாதன். கருவி இரத்த வழியையும் சொல்லியிருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது, அதை அவன் மறைக்கவும் இல்லை. "எதிர்ப்புச் சக்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. செத்தவங்களுக்கு அப்புறம் பொறந்தவங்க நாங்க, அம்புட்டுத்தான்." எழுந்து வாசலுக்குப் போய், "நர்மதா! வா உள்ள, போதும் வெளையாட்டு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

ஊசிக் குழுவின் தலைவர் டாக்டர் பேச்சியம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. அவர் முன்னால் தப்புக் கணக்கோடு போய் நின்றவர்கள் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. அன்றிரவே வந்து நின்ற மங்கை சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பத்து வருஷமா நீ எழுதினதை நீயே தப்புங்கிற."

"ஆமா மேடம்."

"ஒண்ணு இடிக்குதே. பெரிய சாவுக்குத்தான் வருஷத் துக்கம். பால்மணம் மாறாத பிள்ளைக்குத் தீட்டு மூணே நாள்தானே? அதுக்காகப் பொங்கலையா விட்டிருப்பாங்க?"

"சாஸ்திரத்துக்கு மூணு நாள் மேடம். பெத்தவளுக்கு?"

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்தார். மங்கை துவாரகநாதன் வீட்டுச் சுவரைக் கூட்ட அறையின் வெள்ளைச் சுவரில் ஓடவிட்டாள். மஞ்சள் வளர்ந்தது, நின்றது. நீலம் கீழே இறங்கியது. மேசையைச் சுற்றியிருந்த ஆறு பேரில் முதலில் எழுந்து நின்றவர் பேச்சியம்மாள்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராய் எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை, சாவு வீட்டில் எழுவது மாதிரி எழுந்தார்கள்.

"விட்ட வருஷத்தை நெரப்புற இந்த விதியை இந்த ஒரு தெருவுக்கு மட்டும்தான் போட்டியா?" என்று கேட்டார் அவர்.

"ஊர் முழுக்க மேடம்."

"எடுத்துடு. எடுத்துட்டு ஊர் முழுக்கத் திரும்பக் கணக்குப் போடு. அவசரத்துக்குச் சுவர் முழுக்க வேணாம், பூச்சு விட்ட வருஷமும் காய்ச்சல் கூடின வருஷமும் ஒண்ணா விழுதான்னு மட்டும் பாரு."

கருவிக்கு அது கொஞ்ச நேர வேலை. மேசை மேல் மதுரையின் வரைபடம் விரிந்தது. நல்ல வருஷம் என்று நிரப்பியிருந்ததெல்லாம் கழன்று விழ, விட்டுப்போன வருஷங்கள் புள்ளி புள்ளியாய் எரிய ஆரம்பித்தன. ஒரு தெருவில் ஒரே வருஷத்தில் வீட்டுக்கு வீடு பூச்சு விட்டிருந்தது. ஒரு சந்தில் மூன்று தை வரிசையாய் யாருமே வெள்ளையடிக்கவில்லை. சித்திரைத் திருவிழாக் கூட்டம் மாதிரி புள்ளிகள் நெருக்கியடித்து நின்றன. இத்தனை வருஷமும் இந்த ஊரில் இத்தனை பேர் கணக்கில் வராமல் நின்றிருக்கிறார்கள் என்பதை மங்கையால் தாங்க முடியவில்லை, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

வரிசை தலைகீழாகியிருந்தது. தலையில் நூல்கட்டித் தெருப் பகுதி.

வாலில் வரிசைவீட்டுப் பகுதி.

அதற்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அவை சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் வீடுகள். சாவு விழுந்தாலும் விழாவிட்டாலும் மார்கழிக் கடைசியில் குத்தகைக்காரன் ஆட்கள் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே டாக்டர் இருந்தார், நோயின் பேரும் ஒழுங்காய்க் கணக்கில் ஏறியது. செத்த பிள்ளைகள் அத்தனை பேரும் வெளிச்சத்தில் இருந்ததால்தான் அந்தப் பகுதி அத்தனை மோசமாய்த் தெரிந்தது. மற்ற பகுதிகளின் உண்மையான சாவோடு வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பேச்சியம்மாள் வரைபடத்தையும் மங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "உன் பையன் அங்கதானே இருக்கான்?"

"ஆமா மேடம்."

"நாளைக்கு அவனுக்கு ஊசின்னு சொன்னியே."

"சொன்னேன்."

"கணக்கை நாளைக்கு மத்தியானம் கொண்டுவந்து கொடுத்திருந்தா ஒருத்தரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டாங்க மங்கை. காலையில போட்டுட்டே வந்திருக்கலாம்."

அந்த எண்ணம் வரும் வழியெல்லாம் மங்கையின் கூடவேதான் வந்தது. வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது என்றே சொல்லலாம். அவள் ஒன்றும் தெய்வப்பிறவி அல்ல. ஒரு காலை, ஒரே ஒரு காலை என்று அது கெஞ்சியது. ஆனால் கண்ணை மூடினால் இடுப்புயரத்தில் அந்த நீலம் நின்றது.

"எங்க மேடம் கையெழுத்துப் போடணும்?" என்றாள். போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது. பரிதி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து ஊசிக்குப் பயந்து சரியாய்ச் சாப்பிடாதவன்.

"அம்மா, நாளைக்குக் காலையிலேயே ஊசியா? ரொம்ப வலிக்குமா?"

"நாளைக்கு இல்லடா. உனக்கு முன்னாடி கொஞ்சம் பேரு நிக்கிறாங்க. அவங்களுக்குப் போட்டப்புறம்தான் உனக்கு. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் கிடையாது, வெளிய வெளையாட்டு கிடையாது. வீட்டுக்குள்ளேயேதான் இருக்கணும்."

"எம்புட்டு நேரமா நிக்கிறாங்க?"

மங்கை செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள். "ரொம்ப நாளா நிக்கிறாங்கடா."

பரிதியின் முகம் மலர்ந்துவிட்டது. நாளைக்கு ஊசி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அவனுக்கு இதைவிடப் பெரிய பொங்கல் எது? "பாவம்மா அவங்க. அவங்களே முதல்ல போட்டுக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.